ஓய்வூதிய மாற்றமும் ஆசிரியர் வேலைநிறுத்தமும்: கெடா தமிழ்ப்பள்ளிகளை முன்வைத்து

கேள்வி

2024 பிப்ரவரி 1 முதல் மலேசியப் பொதுச் சேவையில் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. தனியார் துறை ஊழியர்களைப் போல அவர்களும் ஊழியர் சேமநிதியில் சந்தா செலுத்த வேண்டும். துணைப் பிரதமர் அகமட் ஸாஹிட் ஹமிடி இதை அந்த ஆண்டு ஜனவரியில் அறிவித்தார். பழைய ஏற்பாடு நீடித்தால் 2040ஆம் ஆண்டில் ஓய்வூதியச் சுமை 12,000 கோடி ரிங்கிட்டை எட்டிவிடும் என்பது அரசாங்கத் தரப்பு சொன்ன காரணம்.

பொதுச் சேவையின் மிகப் பெரிய பிரிவுகளில் ஒன்று ஆசிரியர் பணி. ஆகவே இந்த முடிவு வேறு எவரையும்விட ஆசிரியர்களையே அதிகம் தொடுகிறது. சுங்கைப் பட்டாணியிலுள்ள சுல்தான் அப்துல் ஹாலிம் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்துவிட்டு வெளியே வரும் ஓர் இளைஞரை எண்ணிப் பார்க்கலாம். பீடோங்கிலோ பாடாங் செராயிலோ ஒரு தமிழ்ப்பள்ளியில் அவருக்கு இடம் கிடைக்கிறது. பக்கத்து மேசையில் இருப்பவர் 2024 பிப்ரவரிக்கு முன்பே சேர்ந்த மூத்தவர். இருவருக்கும் ஒரே பாடவேளை, ஒரே சம்பள அட்டவணை, ஒரே புறப்பாட நடவடிக்கைச் சுமை. மூத்தவருக்கு 60 வயதுக்குப் பின் சாகும்வரை மாதப் பணம் உண்டு. இளையவருக்கு அது இல்லை. அவர் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் 11 விழுக்காடும் பிடிக்கப்படுகிறது.

இத்தகைய மாற்றத்தை எதிர்த்து ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்யலாமா? செய்வது அறமா, அறிவுடைமையா? இக்கட்டுரை இந்தக் கேள்வியைக் கெடாவின் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளையும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களையும் முன்வைத்து ஆராய்கிறது. தோட்ட மக்கள் சேமநிதியோடும் வேலைநிறுத்தத்தோடும் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். அந்த அனுபவத்தை ஒதுக்கிவிட்டு இதைப் பேசுவது பொருந்தாது.

இதுவரை சொல்லப்பட்டவை

இந்த விவாதத்தில் மூன்று குரல்களை அடிக்கடி கேட்கிறோம்.

முதலாவது, ஆசிரியப் பணி தொண்டு, தொண்டில் இருப்பவர் கூலிக்காகப் பணியை நிறுத்தக்கூடாது என்பது. நம் சமூகத்தில் இதற்கு மிகுந்த செல்வாக்கு உண்டு. தோட்டத்து வாத்தியார் பாடம் மட்டும் நடத்தவில்லை. ஊருக்குக் கடிதம் எழுதித் தந்தார், பாரங்களை நிரப்பினார், கோயில் திருவிழாவுக்குக் கணக்கு எழுதினார். அவரைத் தொழிலாளி என்று நினைக்க மக்களுக்கு மனம் வராததில் வியப்பில்லை. ஆனால் இந்த மதிப்பு அவருடைய முதுமைக்குச் சோறு போடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தொண்டு என்ற சொல்லால் ஒருவரைப் புகழ்ந்துவிட்டு, அவருடைய பணி நிபந்தனைகளைப் பற்றி அவரே வாய் திறக்கக்கூடாது என்பது நியாயமாகாது. மருத்துவரும் தொண்டு செய்பவர்தான். அவருடைய சம்பளத்தைப் பற்றி இப்படி எவரும் பேசுவதில்லை.

இரண்டாவது குரல் நாட்டின் கடன்சுமையைச் சுட்டுகிறது. இன்றைய வரி செலுத்துவோர் நேற்றைய ஊழியர்களைத் தாங்குகிறார்கள். ஆயுள் கூடக்கூட இந்தச் சுமையும் கூடுகிறது. இதில் உண்மை இருக்கிறது. கட்டாய ஓய்வு வயது 55இலிருந்து 56, 58 எனப் படிப்படியாக உயர்ந்து 2012இல் 60ஐத் தொட்டதே இந்த நெருக்கடியின் ஓர் அடையாளம். ஓய்வூதியம் பெறாத தோட்டத் தொழிலாளியும் லாரி ஓட்டுநரும் தங்கள் வரியிலிருந்து ஆசிரியருக்கு மட்டும் ஏன் வாழ்நாள் பணம் தர வேண்டும் என்று கேட்டால், அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

மூன்றாவது, தொழிற்சங்கங்களின் குரல். பொதுச் சேவை ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான கியூபெக்ஸ் இந்த மாற்றத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்தது. சம்பளத்தைக் குறைவாக வைத்துக்கொண்டு, அதை ஓய்வூதியத்தால் ஈடுகட்டுவோம் என்பதே அரசாங்கப் பணியின் எழுதாத ஒப்பந்தம், அதை ஒரு தரப்பு மட்டும் மாற்றக்கூடாது என்பது இந்த வாதத்தின் சாரம். இது வலுவான வாதம்தான். ஆனால் இதில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஒப்பந்தம் செய்துகொண்ட பழைய ஆசிரியருக்கு எதுவும் மாறவில்லை. மாறியது இன்னும் ஒப்பந்தத்துக்குள் வராதவருக்கு. இந்த இடைவெளியில்தான் நம் கேள்வியின் உண்மையான சிக்கல் இருக்கிறது.

தோட்டம் அறிந்த சேமநிதி

மலாயாவில் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது 1951இல். பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு அது பெரிய முன்னேற்றம். அதற்கு முன் முதுமை என்றால் பிள்ளைகளின் தயவு, இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பும் கப்பல். கெடாவின் ஹார்வர்ட், டப்ளின் போன்ற தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த தலைமுறைக்கு "இ.பி.எஃப். காசு" என்பதே ஆயுளின் ஒரே மொத்தத் தொகையாக இருந்தது.

அந்தக் காசு என்ன ஆயிற்று என்பது தோட்டத்துக் குடும்பங்களில் பலருக்கும் தெரிந்த கதை. 55 வயதில் கைக்கு வந்த தொகையிலிருந்து முதலில் மகளின் கல்யாணம் நடக்கும். வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் விட வேண்டும். ஆகவே மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்டியாக வேண்டும். பழைய கடன்கள் அடையும். மகனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கப்படும். இரண்டு மூன்று ஆண்டுகளில் கணக்கு வறண்டுவிடும். இதை ஊதாரித்தனம் என்று சொல்பவர்கள் தோட்ட வாழ்க்கையை அறியாதவர்கள். வாழ்நாள் முழுவதும் குறைந்த கூலியில் தள்ளிப்போடப்பட்ட தேவைகள் எல்லாம் அந்த ஒரு தொகையின் மேல் ஒரே நாளில் வந்து விழுந்தன. தோட்டம் மேம்பாட்டு நிறுவனத்துக்குக் கைமாறியபோது, வீடு என்ற தேவை இன்னும் கொடுமையாக வந்து நின்றது.

1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதன் பின்னணியும் இந்தப் பாதுகாப்பின்மைதான். துண்டு துண்டாக விற்கப்படவிருந்த தோட்டங்களைத் தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே வாங்குவது அவருடைய திட்டம். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். முதுமைக்கான பாதுகாப்பை ஒவ்வொருவரும் தனித்தனியே தேடிக்கொள்ள முடியாது என்ற பாடத்தைக் கெடா அப்போதே கற்றிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் ஓய்வூதியத்தைப் பார்க்க வேண்டும். லயத்தில் பிறந்து ஆசிரியரான பலருக்கு, குடும்பத்தில் முதன்முதலாக ஓய்வூதியம் பெற்றவர் என்ற இடம் உண்டு. அவருடைய மாதப் பணத்தை நம்பி அக்காவின் பிள்ளை பல்கலைக்கழகம் போனார், தம்பிக்கு வைத்தியம் நடந்தது. ஓர் ஊழியரின் ஓய்வுக்காலப் பணம் என்பதற்கு மேலாக, அது ஒரு விரிந்த குடும்பம் சாய்ந்துகொள்ளும் சுவர்.

1967ஐ மறந்துவிடக்கூடாது

இன்று வந்திருக்கும் ஏற்பாட்டைப் புதுமை என்று சொல்பவர்கள் ஆசிரியர் வரலாற்றை மறந்துவிட்டார்கள். 1956இல் உருவான ஒருங்கிணைந்த ஆசிரியர் சேவையின் கீழ், உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர்கள் அரசாங்க ஊழியர்களாகக் கருதப்படவில்லை. பள்ளி மேலாளர் வாரியமே அவர்களுடைய முதலாளி. அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, சேமநிதிதான். பெண் ஆசிரியர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம்.

இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் பேச்சுவார்த்தை நடந்தது. பெண் ஆசிரியர் சங்கத்தின் நிறுவனத் தலைவரான ராசம்மா பூபாலன், ஒரு காலத்தில் நேதாஜியின் ஜான்சிராணிப் படையில் இருந்தவர், சம ஊதியப் போராட்டத்தை முன்னெடுத்தார். பேச்சு பலிக்காமல் போனபோது, 1967 நவம்பரில் தேசிய ஆசிரியர் சங்கம் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அதன் விளைவுகளைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர் பணி நிலையை ஆராய அஜீஸ் அரச ஆணையம் அமைந்தது. பெண் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் வந்தது. 1970களின் தொடக்கத்தில் உதவி பெறும் பள்ளி ஆசிரியர்கள் அரசாங்கச் சேவைக்குள் சேர வழி திறந்தது. ஓய்வூதியமும் அதனோடு வந்தது. இன்றைய தேசிய ஆசிரியர் தொழிற்சங்கமான என்.யூ.டி.பி. 1974இல் தோன்றியது அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான்.

வேலைநிறுத்தம் ஒன்றே இதையெல்லாம் பெற்றுத் தந்தது என்று நான் வாதிடவில்லை. கல்விக் கொள்கை ஒருமைப்பட்டதும் புதிய நாட்டின் தேவைகளும் அதற்குத் துணை நின்றன. ஆனால் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தால் சமூகம் அவர்களை மன்னிக்காது என்ற அச்சத்துக்கு 1967 சான்று தரவில்லை. வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்களிடமே அடுத்த தலைமுறை படித்தது, அவர்களை மதித்தது.

கெடாவுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1947இன் தொடக்கத்தில் பீடோங், டப்ளின் தோட்டப் பகுதிகளில் வேலைநிறுத்தங்கள் கடுமையாக ஒடுக்கப்பட்டன, உயிரிழப்பும் நேர்ந்தது. ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடை எதிர்ப்பையும் தொழிலாளர் உரிமையையும் ஒன்றாகப் பேசியது. அந்தப் படை ஒடுக்கப்பட்ட பின் வேலைநிறுத்தம் என்றாலே அஞ்சும் மனநிலை தோட்டங்களில் நெடுநாள் நீடித்தது. இன்றைய ஆசிரியரின் தயக்கத்தில் அந்தப் பழைய அச்சத்துக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு எண்களைப் பார்ப்போம். 30 ஆண்டுகள், அதாவது 360 மாதங்கள் பணியாற்றி, கடைசிச் சம்பளமாக 6,000 ரிங்கிட் பெற்ற ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் கடைசிச் சம்பளத்தின் 600இல் ஒரு பங்கைப் பணி மாதங்களால் பெருக்க வேண்டும். உச்சவரம்பு ஐந்தில் மூன்று பங்கு. ஆக மாதம் 3,600 ரிங்கிட். பணிக்கொடையாகக் கடைசிச் சம்பளத்தின் 7.5 விழுக்காட்டை 360ஆல் பெருக்கினால் 162,000 ரிங்கிட். இதற்காக அவர் தம் சம்பளத்திலிருந்து எதுவும் கட்டவில்லை. அவருக்குப் பின் துணைவருக்கும் ஓய்வூதியம் தொடரும்.

புதிய முறையில் சேர்ந்தவரின் சராசரிச் சம்பளம் 4,000 என்று வைத்துக்கொள்வோம். அவர் 11 விழுக்காடு, முதலாளியான அரசாங்கம் 13 விழுக்காடு (சம்பளம் 5,000ஐத் தாண்டினால் 12). மாதம் 960 ரிங்கிட். 30 ஆண்டில் ஆண்டுக்கு 5 விழுக்காடு லாப ஈவு கிடைத்தால் ஏறத்தாழ 799,000 ரிங்கிட் சேரும். சட்டம் உறுதி தருவதோ 2.5 விழுக்காடு மட்டுமே. அந்த அளவில் நின்றுவிட்டால் சேர்வது ஏறத்தாழ 514,000. இரண்டிலிருந்தும் பழைய ஆசிரியரின் பணிக்கொடைக்கு இணையான 162,000ஐ எடுத்துவிட்டு, மிச்சத்திலிருந்து மாதம் 3,600 வீதம் செலவழித்தால் என்ன ஆகும்? முதல் கணக்கில் பணம் 86 வயது தாண்டும்வரை வரும். இரண்டாவதில் 69 வயதிலேயே தீர்ந்துவிடும்.

இந்த எண்கள் இரு தரப்புக்கும் சங்கடமானவை. சேமநிதி ஆசிரியரைத் தெருவில் நிறுத்திவிடும் என்ற பேச்சு மிகை. 2023இல் 5.5 விழுக்காடு, 2024இல் 6.3 விழுக்காடு என ஈவு தந்த நிதி அது. நல்ல காலம் நீடித்தால், தொடாமல் வைத்திருந்தால், பழைய ஓய்வூதியத்துக்கு மிக அருகில் வந்துவிடும். அரசாங்கத் தரப்பின் வாதத்தை நான் மதிப்பது இந்த இடத்தில்தான்.

ஆனால் 69க்கும் 86க்கும் நடுவிலுள்ள பதினேழு ஆண்டுகள் யாருடைய பொறுப்பு? பழைய முறையில் அந்த ஆபத்தை அரசாங்கம் சுமந்தது. புதிய முறையில் ஆசிரியர் சுமக்கிறார். சீர்திருத்தம் என்ற பெயரில் உண்மையில் இடம் மாறியது இந்த ஆபத்துதான். "தொடாமல் வைத்திருந்தால்" என்ற நிபந்தனையும் கடினமானது. கோவிட் காலத்தில் அனுமதிக்கப்பட்ட சிறப்பு மீட்புகளில் மட்டும் நாடு முழுவதும் 14,500 கோடி ரிங்கிட் வெளியேறியது. 2024 மே மாதம் முதல் சந்தாவின் 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கில் சேர்கிறது. மொத்தத் தொகை கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதைத் தோட்டத்துக் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னோர் எண்ணையும் பக்கத்தில் வைக்க வேண்டும். ஓய்வூதியத் தகுதியுள்ள ஊழியர்களுக்காகச் சட்டப்படி அமைந்த வாரியங்களும் ஊராட்சி மன்றங்களும் ஓய்வூதிய நிதிக்குச் செலுத்துவது அடிப்படைச் சம்பளத்தில் 17.5 விழுக்காடு. ஓர் ஓய்வூதியத்தின் விலை இவ்வளவு என்று அரசாங்கமே ஏற்று வைத்திருக்கும் அளவு அது. புதிய ஆசிரியருக்கு அது தருவதோ 12 அல்லது 13. இந்த வேறுபாட்டுக்கு நியாயமான விளக்கம் எதையும் நான் கேட்டதில்லை.

147ஆம் பிரிவு யாரைக் காக்கிறது

கூட்டரசு அரசியலமைப்பின் 147ஆம் பிரிவு ஓய்வூதிய உரிமையைப் பாதுகாக்கிறது. ஒருவர் பொதுச் சேவையில் சேர்ந்த நாளில் நடப்பிலிருந்த சட்டமே அவருக்குப் பொருந்தும். பின்னால் சட்டம் மாறினால் அது அவருக்குப் பாதகமாக இருக்கக்கூடாது. இது வெறும் ஏட்டுப் பாதுகாப்பன்று. 2013ஆம் ஆண்டுத் திருத்தம், பணியிலிருப்பவர்களின் சம்பள மாற்றத்தோடு ஓய்வூதியத்தையும் திருத்தும் முறையை நீக்கி, ஆண்டுக்கு 2 விழுக்காடு உயர்வு என்று நிறுத்தியது. அதை எதிர்த்து ஓய்வுபெற்ற அதிகாரி அமினா அகமட்டும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஜனவரியில் அவர்கள் பக்கம் நின்றது. 2023 ஜூன் 27 அன்று கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒரு நாள்கூட வேலை நிறுத்தாமல் நீதிமன்றத்தில் கிடைத்த வெற்றி இது.

அதே பிரிவு 2024க்குப் பின் சேர்பவருக்கு எதையும் தராது. அவர் சேரும் நாளில் நடப்பிலிருப்பது ஓய்வூதியமற்ற ஏற்பாடு. ஆக நீதிமன்ற வழி பழைய ஆசிரியருக்குத் திறந்திருக்கிறது, புதியவருக்கு அடைத்திருக்கிறது. சங்கப் பேச்சுவார்த்தையும், கடைசியில் வேலைநிறுத்தமும்தான் அவருக்கு மிஞ்சும் வழிகள்.

வேலைநிறுத்தம் சட்டப்படி எவ்வளவு தூரம் முடியும்? தொழிற்சங்கச் சட்டம் இரகசிய வாக்கெடுப்பையும் சாதாரணப் பெரும்பான்மைக்கு மேலான ஆதரவையும் கேட்கிறது. 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் முக்கியப் பகுதிகள் அரசாங்க ஊழியர்களுக்குப் பொருந்தா. ஆகவே தனியார் துறைத் தொழிலாளிக்குக் கிடைக்கும் சமரச ஏற்பாடு அவர்களுக்கு இல்லை. அனுமதியின்றிப் பணிக்கு வராதிருப்பது 1993ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி நடவடிக்கைக்கு உரியது. இதற்கெல்லாம் மேல், 1980ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஓய்வூதியத்தின்மேல் எந்த அதிகாரிக்கும் முழு உரிமை இல்லை என்கிறது. ஓய்வூதியத்துக்காக வேலைநிறுத்தம் செய்பவர் தம் ஓய்வூதியத்தையே பணயம் வைக்க நேரலாம் என்பது இதன் பொருள்.

அனைத்துலகத் தர அளவுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. ஆசிரியர் தகுநிலை குறித்து யுனெஸ்கோவும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 1966இல் வெளியிட்ட பரிந்துரை, பேச்சுவார்த்தை வழிகள் அனைத்தும் தீர்ந்துபோனால், மற்றத் தொழிலாளர் அமைப்புகளுக்கு உள்ள நடவடிக்கை உரிமை ஆசிரியர் அமைப்புகளுக்கும் இருக்க வேண்டும் என்கிறது.

தமிழ்நாடும் பிரிட்டனும் காட்டுவது

2003இல் தமிழ்நாட்டில் ஓய்வூதியப் பலன்களும் பிற சலுகைகளும் வெட்டப்பட்டபோது அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஜூலை 2 முதல் வேலைநிறுத்தம் செய்தனர். ஜெயலலிதா அரசு ஒரே வீச்சில் ஏறத்தாழ 170,000 பேரைப் பணிநீக்கம் செய்தது. அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்ட உரிமையோ அற உரிமையோ இல்லை என்று ரங்கராஜன் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் ஆகஸ்டு 6 அன்று சொன்னது. பெரும்பாலோர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து மீண்டும் பணியில் சேர வேண்டியதாயிற்று. போராட்டம் தோற்றது என்றே அன்று எல்லாரும் எழுதினர்.

அதன் பின்விளைவு வேறு. 2003 ஏப்ரல் 1க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு மட்டும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் என்ற ஏற்பாட்டில், பழையவர்களுக்குப் பாதுகாப்பும் புதியவர்களுக்கு இழப்பும் இருந்தன. ஆண்டுகள் செல்லச் செல்லப் பழையவர்கள் ஓய்வு பெற்றனர்; புதியவர்களின் எண்ணிக்கை பெருகியது. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தில் பழைய ஓய்வூதியத்தை மீட்பதே தலைமைக் கோரிக்கை. ராஜஸ்தானும் இமாசலப் பிரதேசமும் பழைய முறைக்குத் திரும்பின. 2024 ஆகஸ்டில் இந்திய ஒன்றிய அரசும் 25 ஆண்டு பணிக்குக் கடைசி ஓராண்டின் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்யும் திட்டத்தை அறிவித்தது. ஒரு துறையை இரண்டு வகுப்பாகப் பிரித்தால் அரசியல் அமைதி கிடைக்கும். ஆனால் இருபது ஆண்டுக்கு மேல் அது தாங்குவதில்லை.

பிரிட்டனில் 2011 ஜூன் 30 அன்றும் நவம்பர் 30 அன்றும் ஆசிரியர்கள் ஓய்வூதிய மாற்றத்துக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தனர். மாற்றத்தை அவர்களால் தடுக்க முடியவில்லை. 2015இல் புதிய திட்டம் வந்தது; ஓய்வுக்கு அருகில் இருந்தவர்களுக்கு மட்டும் பழைய முறை தொடர்ந்தது. மூத்தவரைக் காத்து இளையவரை விடுவது வயது அடிப்படையிலான பாகுபாடு என்று, நீதிபதிகளும் தீயணைப்பு வீரர்களும் தொடுத்த வழக்கில் 2018 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிரியர் திட்டத்திலும் அரசு அதைச் சரிசெய்ய நேர்ந்தது.

நம் நாட்டிலேயே அண்மைச் சான்று ஒன்று உண்டு. 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் நோயாளிகளை நிரந்தர மருத்துவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வெளிநடப்புச் செய்தனர். அந்த ஹர்த்தாலுக்குச் சில நாள் முன்பே அரசாங்கம் ஒப்பந்த நீட்டிப்பை அறிவித்துவிட்டது. அடுத்த ஆண்டுகளில் நிரந்தரப் பணியிடங்களும் கூடின. நாளும் நேரமும் முன்கூட்டியே சொல்லி, நோயாளிக்கு மாற்று ஏற்பாடும் செய்துவிட்டு நடத்திய குறுகிய போராட்டம் அது. நம் ஆசிரியர்களுக்கு மிக அருகிலிருக்கும் முன்மாதிரி இதுதான்.

சிறிய பள்ளியில் ஒரு வேலைநிறுத்த நாள்

வேலைநிறுத்தம் செய்யலாம் என்ற என் நிலைப்பாட்டுக்கு எதிரான மிக வலுவான வாதம் கெடாவின் தோட்டப் பள்ளிகளிலிருந்தே வருகிறது. மாநிலத்தின் தமிழ்ப்பள்ளிகளில் பல, 150 மாணவருக்கும் குறைவானவை. சிலவற்றில் ஆறு ஆண்டுக்கும் சேர்த்து ஒரு நகரப் பள்ளியின் ஒரு வகுப்பளவு மாணவர்கூட இல்லை. இரண்டு ஆண்டு மாணவரை ஒரே அறையில் வைத்துக் கூட்டு வகுப்பு நடக்கிறது. அங்கு ஒரு நாள் பள்ளி நின்றால் பாடம் மட்டும் நிற்பதில்லை. காலை இடைவேளையில் கூடுதல் உணவுத் திட்டத்தில் சாப்பிடும் பிள்ளைக்கு அந்த நாளின் நல்ல சாப்பாடும் நின்றுவிடும். பாலிங் பக்கத்திலோ கூலிம் பக்கத்திலோ பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளிருக்காது. அதைவிட ஆழமான அச்சம் ஒன்று உண்டு. பக்கத்து ஊர்த் தேசியப் பள்ளிக்கோ சீனப்பள்ளிக்கோ அனுப்பலாமா என்று ஏற்கனவே தயங்கிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு நீண்ட வேலைநிறுத்தம் ஒரு காரணமாகிவிடலாம். பத்து பிள்ளைகள் இடம் மாறினால் சில பள்ளிகளின் எதிர்காலமே கேள்விக்குறி.

சங்கத் தலைமை அலுவலகத்தில் இருந்துகொண்டு தீர்மானம் எழுதுபவர்கள் இந்த வேறுபாட்டை உணர வேண்டும். நகரத்தின் ஆயிரம் மாணவர் பள்ளிக்கும் ஒரு தோட்டத்தின் முப்பது மாணவர் பள்ளிக்கும் ஒரே வகை வேலைநிறுத்தம் பொருந்தாது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் முன்கூட்டியே விளக்காமல், உணவுக்கும் பாதுகாப்புக்கும் ஏற்பாடு செய்யாமல், இழந்த பாடவேளையை ஈடு செய்யும் நாளைச் சொல்லாமல் நடத்தப்படும் வேலைநிறுத்தத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

நிலைப்பாடு

மேலே பார்த்த சான்றுகளிலிருந்து நான் வந்து சேரும் முடிவு இது. ஓய்வூதிய மாற்றத்துக்கு எதிராக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்வது அறத்துக்கு மாறானதன்று. ஆனால் பழைய ஓய்வூதியத்தை அப்படியே திருப்பித் தா என்ற கோரிக்கைக்காக அதைச் செய்வது சரியன்று. அந்தக் கோரிக்கை தோட்டத் தொழிலாளியின் கேள்விக்குப் பதில் சொல்லாது. பொதுமக்களின் ஆதரவையும் பெறாது.

கோரிக்கை குறிப்பாக இருக்க வேண்டும். அரசாங்கம் தன் பங்கை 17.5 விழுக்காடாக உயர்த்த வேண்டும். முன் சொன்ன கணக்கை அந்த அளவில் போட்டால், 5 விழுக்காடு ஈவில் பணம் 100 வயதுக்கு மேலும் வரும், 2.5 விழுக்காட்டில் 72 வயதில் தீரும். ஆகவே பங்கை உயர்த்துவது மட்டும் போதாது. சேர்ந்த தொகையில் ஒரு பகுதியேனும் சாகும்வரை மாதப் பணமாக வருவதற்கும், துணைவருக்குத் தொடர்வதற்கும் அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டும். அத்தகைய மாதப் பண ஏற்பாடு பின்னர் தனியார் துறைச் சந்தாதாரர்களுக்கும் விரியக்கூடியது. தோட்டத்தில் வேலை செய்தவரின் பிள்ளையும் அதில் பங்கு கேட்கலாம். முதலில் பேச்சுவார்த்தை. அது முடங்கினால் வாக்கெடுப்பு. அதன் பின், அறிவிக்கப்பட்ட ஒரு நாள் வேலைநிறுத்தம். சிறிய பள்ளிகளில் அது கறுப்புப் பட்டை அணிந்து பாடம் நடத்தும் வடிவில் அமையலாம்.

இதில் முன்னிற்க வேண்டியவர்கள் யார் என்பதும் தெளிவு. 2024க்குப் பின் சேர்ந்த இளையவர்கள் எண்ணிக்கையில் சிலர், பணி உறுதிப்படாதவர்கள், ஒழுங்கு நடவடிக்கைக்கு முதலில் அஞ்ச வேண்டியவர்கள். தம் ஓய்வூதியத்தை 147ஆம் பிரிவு காக்கிறது என்று அமைதியாக இருக்கும் மூத்த ஆசிரியர்களே சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் கூடும் கிளைக் கூட்டங்களில் இந்தத் தீர்மானத்தைத் தங்கள் பெயரில் முன்மொழிய வேண்டும். 1967இல் பணியை நிறுத்தியவர்கள் தங்களுக்குப் பின் வந்தவர்களுக்கும் சேர்த்தே அதைச் செய்தார்கள். இன்று ஓய்வூதியம் உறுதியாகியிருக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் அவர்களுக்குக் கடன்பட்டவர்.